ஸ்மித் அழுதது தடைக்குப் பிறகு

தம்பி, ஆஸ்திரேலியக் கிரிக்கெட் தலைவரா இருந்த ஸ்டீவ் ஸ்மித்தைப் பற்றி, "ஸ்மித் விமான நிலையத்தில அழுது மன்னிப்புக் கேட்டபடியாத்தான் தண்டனையைக் குறைச்சவங்கள், அந்தக் காலமெண்டா அண்டைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்கள்" எண்டு எழுதியிருக்கிறீர். ரெண்டும் பிழை.

கேப்டவுனில பந்தைச் சுரண்டின விசயத்துக்கு ஆஸ்திரேலியக் கிரிக்கெட் சபை அவருக்கு 12 மாதத் தடையை அறிவிச்சது 2018 மார்ச் 28. சிட்னியில ஆள் அழுதது அடுத்த நாள். கண்ணீருக்கு ஒரு நாளும் குறையேல்லை. அந்த நவம்பரில வீரர்கள் சங்கம் குறைக்கச் சொல்லிக் கேட்டும் சபை மறுத்திட்டுது. மேன்முறையீடுகூட அவர் செய்யேல்லை.

அந்தக் காலம்? 1994இல லோர்ட்ஸ் டெஸ்டில இங்கிலாந்துத் தலைவர் அதர்டன் பொக்கற்றுக்குள்ள மண் வைச்சுப் பந்தில தேய்ச்சது டிவியில தெரிஞ்சது. 2000 பவுண் தண்டம், அவ்வளவுதான். தலைவர் பதவி போகேல்லை. இறுகினது இந்தக் காலம்தான்.

இன்னொண்டு. சர்வதேச கிரிக்கெட் சபை (ஐசிசி) ஸ்மித்துக்குப் போட்டது ஒரேயொரு டெஸ்ட் தடை. அதே வருசம் ஜூனில எங்கட இலங்கைத் தலைவர் சந்திமால் பந்து விசயத்தில குற்றத்தை மறுத்தவர், அவருக்கும் ஒரு டெஸ்ட்தான். அப்ப திருகோணமலை மெக்கெய்சர் மைதான மதிலில இருந்து "எங்கட பொடியன் செய்திருக்க மாட்டான்" எண்டு சத்தம் போட்ட கூட்டத்தில நானும் ஒராள். ஸ்மித்துக்குச் சிரிச்சதும் அதே கூட்டம்தான்.

மன்னிப்பு நடிப்போ இல்லையோ, அது உம்மட அபிப்பிராயம். அந்த ரெண்டு பிழையை மட்டும் திருத்திவிடும்.