சிடி4 ஒட்டினால் மட்டும் டி செல் ஆகிவிடாது

சிடி3, சிடி4, சிடி8 எல்லாம் ரத்த வெள்ளை அணுக்களின் மேற்பரப்புப் புரதங்கள்; சாயம் ஏற்றிய ஆன்டிபாடி எதில் ஒட்டுகிறது என்று பார்த்து செல் வகையைப் பிரிக்கிறோம். சிடி3 டி செல்களின் அடையாளம், சிடி4 அவற்றில் ஹெல்பர் (உதவி) வகைக்கானது. "சிடி4 ஆன்டிபாடி ஒட்டினாலே அது ஹெல்பர் டி செல்தான், சிடி3க்கு வீணாகச் செலவழிக்காதீர்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் ஆய்வு செய்யும் மாணவர்கள் தயவுசெய்து இதை நம்பி சிடி3ஐ விட்டுவிடாதீர்கள்.

மனித மோனோசைட்டிலும் (டி செல் அல்லாத இன்னொரு வெள்ளை அணு) சிடி4 உண்டு, டி செல்லில் இருப்பதைவிடக் குறைவாக. ஃப்ளோ சைட்டோமீட்டர் (செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் அளக்கும் கருவி) படத்தில் பாருங்கள்: பிரகாசமாக, நெருக்கமாக ஒரு கூட்டம், அதற்கு இடப்பக்கம் மங்கலாக இன்னொன்று. அந்த மங்கல் கூட்டத்தின் பக்கச்சிதறல் (செல் பக்கவாட்டில் சிதறடிக்கும் ஒளி) அதிகமாக இருக்கும், மோனோசைட்டின் அடையாளமான சிடி14க்கான ஆன்டிபாடியும் போட்டிருந்தால் அதிலும் ஒளிரும். அதுதான் மோனோசைட். அதையும் சேர்த்து எண்ணினால் ஹெல்பர் செல் கணக்கு ஏறிவிடும். எனவே முதலில் சிடி3 உள்ளவற்றைப் பிரித்து, அதற்குள் சிடி4, சிடி8 பாருங்கள்.

இன்னொரு சிக்கல், மோனோசைட்டின் எஃப்சி ஏற்பி ஆன்டிபாடியின் வால்பகுதியைப் (எஃப்சி) பிடித்துக்கொள்ளும். அந்த ஏற்பியை அடைக்கும் எஃப்சி பிளாக் சேர்த்து 10 நிமிடம் விட்டு, கழுவாமலே ஆன்டிபாடியைச் சேருங்கள். செத்த செல்லில் எதுவும் ஒட்டும், செத்த செல்லைப் பிரித்துக்காட்டும் உயிர்ச்சாயம் அவசியம்.

ஆன்டிபாடி வாங்கும்போது அது மனித செல்லுக்கான குளோனா (ஆன்டிபாடியின் குறிப்பிட்ட வகை) என்று பாருங்கள். ஜிகே1.5 என்ற குளோன் எலியின் சிடி4க்கானது, மனித ரத்தத்தில் வேலைக்காகாது.

நம் ஊர் வெயிலுக்குப் பயந்து ஆன்டிபாடி குப்பியை ஐஸ் பேக்கோடு ஒட்டி வைக்காதீர்கள். பிஇ (ஃபைக்கோஎரித்ரின்) போன்ற ஒளிரும் சாயம் ஏறிய ஆன்டிபாடி உறைந்தால் கெட்டுவிடும். 2 முதல் 8 டிகிரி செல்சியஸில், இருட்டில் வையுங்கள்.