அந்த முதல் 'சி'

2025 தொடக்கத்தில் வேலை நிமித்தம் மிலானில் மூன்று மாதம் இருந்தேன். பக்கத்து மேசைக்காரர் ஜெனோவா ஊர்க்காரர். கால்பந்து என்றால் உயிர். தன் அணி ஜெயித்த மறுநாள் சிவப்பும் நீலமுமான கழுத்துத் துண்டோடுதான் அலுவலகம் வருவார். ஒருநாள் நான் செல்பேசியில் ஸ்கோர் பார்ப்பதைக் கவனித்து, "கிரிக்கெட்டா? வங்கதேசத்துக்காரர்கள் பூங்காவில் ஆடுவார்களே, அதுதானே?" என்றார். கேலி இல்லை, தெரிந்ததைச் சொன்னார்.

அவர் துண்டில் இருந்த 'ஜெனோவா சி.எஃப்.சி. 1893' என்ற எழுத்தைக் காட்டி, அந்த முதல் 'சி' என்ன என்று கேட்டேன். "கிரிக்கெட்" என்று பட்டென்று சொன்னவர், அப்படியே நின்றுவிட்டார். சிறுவயது முதல் சொல்லிவந்த பெயர், அன்றுதான் காதில் விழுந்திருக்கிறது.

1893இல் ஆங்கிலேயர்கள் தொடங்கிய சங்கம் அது. 1899இல் பிறந்த ஏ.சி. மிலான் கால்பந்து சங்கத்தின் முதல் பெயரிலும் கிரிக்கெட் உண்டு. ஆக, இத்தாலிக்கு இது நேற்று வந்த ஆட்டம் அல்ல. அன்று கனவான்களின் பொழுதுபோக்காக வந்தது, சங்கத்தின் பெயரில் ஏறியது. இன்று கூலித் தொழிலாளியின் கையில் வந்தால் பூங்காவிலிருந்து விரட்டப்படுகிறது. ஆட்டம் தெரியாத ஊரில் ஆடுகிறவனின் முகம்தான் முதலில் கண்ணில் படுகிறது என்பது என் எண்ணம்.

மோன்ஃபல்கோனேயைப் பாருங்கள். ஏட்ரியாடிக் கரையில் பிரம்மாண்டமான சொகுசுக் கப்பல்கள் கட்டும் ஊர். அங்கே உழைப்பவர்களில் வங்கதேசத்தவர் ஏராளம். ஊர் எல்லைக்குள் கிரிக்கெட் ஆடினால் 100 யூரோ வரை அபராதம் என்ற செய்தியை 2024இல் படித்தபோது மனம் கொதித்தது. ஊருக்கு வெளியே, சிமென்ட் தரையில் போய் ஆடினார்களாம். பந்து பட்டால் ஆபத்து என்றார் மேயர். அது உண்மைதான், தெருவில் ஆடி ஜன்னல் கண்ணாடி உடைத்த எனக்குத் தெரியாதா? அதற்காகத்தானே மைதானம் கேட்கிறார்கள்! இடமும் இல்லை, பணமும் இல்லை என்பது பதில். அந்த ஊரின் கப்பலைக் கட்டுகிறவனுக்கு மாலையில் பந்து வீச 22 கஜம் கிடையாதா? இதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

2025 ஜூலையில் இத்தாலி முதன்முறையாக டி20 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. ஸ்காட்லாந்தை 12 ரன்னில் வென்றது; கடைசி ஆட்டத்தில் நெதர்லாந்திடம் தோற்றும் தப்பித்தது. அப்போதைய அணித் தலைவர், ஆஸ்திரேலியாவுக்கு டெஸ்ட் ஆடிய ஜோ பர்ன்ஸ். சுழற்பந்து வீசியவர்களில் கிரிஷான் களுகமகே இலங்கையில் பிறந்தவர். லூக்கா நகரில் பீட்சா தயாரிக்கும் தொழிலாளி. பூங்காவில் பார்த்து முகம் சுளிக்கப்பட்ட அதே ஆட்டத்தை, அதே போன்ற மனிதர்கள் நீலச் சட்டை அணிந்து அந்த நாட்டுக்காக ஆடினார்கள்.

அந்த வாரம் ஜெனோவாக்காரரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "கடைசி ஆட்டத்தில் தோற்ற பிறகும் எப்படித் தகுதி பெற்றோம்?"

'பெற்றோம்' என்று எழுதியிருந்தார். புள்ளிகள் சமமானால் யார் முன்னே என்று தீர்மானிக்கும் நிகர ரன் விகிதத்தை நான்கு செய்திகளில் விளக்கி அனுப்பினேன்.