பொம்மைப் பட்டாளமும் ஒரு நாற்பது ரூபாய் நோட்டும்

என் திருவிதாங்கூர்ப் படையில் பன்னிரண்டு பேர் பழுப்பேறிய முண்டு, அதாவது வேட்டி, கட்டியிருக்கிறார்கள். மிச்சப்பேர் முண்டில் கொஞ்சம் மஞ்சள் அடிக்கிறது. இரண்டுக்கும் ஒரே வெள்ளை, ஒரே காவி, ஒரே பிரஷ்தான். எத்தனை சொட்டுக்கு எத்தனை சொட்டு என்று எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான். முதல் பன்னிரண்டை முடித்தேன், இடையில் தங்கச்சி கல்யாணம், பொறவு மழை. நாலு மாசம் கழித்துப் பெயின்டைத் திறந்தால் கை மறந்துபோச்சு. ஓர்மையில் நிக்கும்னு நினைச்சேன். நிக்கல.

இந்தப் பதிவு அந்த முண்டைப் பற்றித்தான்.

நான் என்ன செய்கிறேன் என்று தெரியாதவர்களுக்கு: சின்னச் சின்னப் போர்வீரர் உருவங்களை வாங்கியோ பிரின்ட் பண்ணியோ பெயின்ட் அடித்து, மேசையில் கடற்கரை, தோப்பு, கோட்டை எல்லாம் செய்து, அளவுகோலும் பகடையும் வைத்துச் சண்டை விளையாடுவது. பிரஷ்யா ராணுவத்தில் 1824-லேயே ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி வரைபடத்தின் மேல் கட்டைகளை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டைத் தளபதிகளுக்குக் காட்டினார். அப்போது அது பயிற்சி. இப்போது எங்களைப் போன்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை. அம்மா இதைப் 'பொம்மை' என்பார். மறுத்துப் பேசி ஜெயித்ததில்லை.

மார்த்தாண்டத்தில் இருந்துகொண்டு வேறு எந்தப் போரைச் செய்வது? குளச்சல்தான். பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கடற்கரை, அங்கே வெற்றித்தூண். 1741 ஆகஸ்ட் 10-இல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களைப் பணியவைத்த இடம். பிடிபட்ட கம்பெனி அதிகாரி டிலனாய் பிறகு அதே ராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுத்து 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய கேப்டன், ஆனார். 1777-இல் இறந்தவரின் கல்லறை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் கூரையில்லாத தேவாலயத்தில் இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும் பக்கத்தில் பக்கத்தில். எதிரியாக வந்தவனுக்கு இரண்டு மொழியில் கல்லறை. அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று ராத்திரிதான் திட்டம் போட ஆரம்பித்தேன்.

அங்கேதான் வினையும்.

முதல் திட்டம்: 28 மி.மீ. அளவில் முந்நூறு உருவம். 28 மி.மீ. என்றால் காலடியிலிருந்து கண்மட்டம் வரைக்கும் ஏறக்குறைய அந்த உயரம். மீசை தெரியும், பொத்தான் தெரியும், ஆசை வரும். கம்ப்யூட்டரில் எக்செல் ஷீட் போட்டு, பிரிவு வாரியாகக் கலர் கொடுத்து, ஒரு மாசம் அதையே பார்த்து ரசித்தேன். ஒரு வீரனுக்குக்கூடப் பெயின்ட் அடிக்கவில்லை. திட்டம் போடுவது ஒரு போதை, சொல்லிவிடுகிறேன். வேலை செய்த திருப்தி கிடைக்கும், கையில் கறை படாது.

பாறசாலைக்காரர் ஒருவர் என்னோடு விளையாட வருவார். களியக்காவிளை செக்போஸ்ட்டைத் தாண்டி ஸ்கூட்டரில் வந்து, பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவார். ஷீட்டைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி.

"ஒரெண்ணத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் வேய்?"

"ரெண்டு மணிக்கூர் ஆகும் அண்ணே."

"ஞாயிறாச்சொண்ணு எத்தன மணிக்கூர் இருப்ப?"

"மூணு."

அவர் விரலை மடக்கவே இல்லை. முந்நூறுக்கு அறுநூறு மணி நேரம், அதாவது இருநூறு ஞாயிறு. கல்யாணம், சாவு, பெருநாள் எல்லாம் கழித்தால் அஞ்சு வருஷம். ஷீட்டில் எல்லாம் இருந்தது, இந்த ஒரு கணக்கைத் தவிர.

மறுநாள் மூணையும் மாற்றினேன். 15 மி.மீ. அளவு. முழுப் போர் வேண்டாம், டச்சுக்காரர் மரத்தடி நட்டுக் கட்டிய கொத்தளத்தின் மேல் நடக்கும் தாக்குதல் மட்டும். உருவங்களை ஒட்டிவைக்கும் அடித்தட்டுக்குப் பேஸ் என்று பேர்; நாற்பது மி.மீ. அகல பேஸுக்கு நாலு பேர், இருபத்துநாலு பேஸ், மொத்தம் தொண்ணூற்றாறு பேர். ஒருத்தனுக்கு முப்பத்தஞ்சு நிமிஷம் வைத்தால் ஐம்பத்தாறு மணி நேரம், பத்தொன்பது ஞாயிறு. என்ன ஆட்டம் ஆடப்போகிறோம் என்று முதலில் முடிவு பண்ணிவிட்டுப் பிறகு வாங்க வேண்டும். வாங்கிக் குவித்துவிட்டு ஆட்டத்தைத் தேடுகிறவர்களின் கட்டிலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் கட்டிலுக்கு அடியிலும் இருக்கிறது.

எக்செல்லை மூடிவிட்டு, கடையில் நாற்பது ரூபாய்க்கு ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன். இடப்பக்கம் செய்யப்போவது, வலப்பக்கம் நடந்தது. இடப்பக்கத்துக்குப் பென்சில், வலப்பக்கத்துக்குப் பேனா. வலப்பக்கத்தைத் திருத்தக் கூடாது. அதில் எழுதுவதெல்லாம் சின்ன விஷயம்தான்: தேதி, எத்தனை நிமிஷம், மழையா வெயிலா, முண்டு சொதப்பிய பிறகு எத்தனை சொட்டு என்பதும்.

மழையை ஏன் எழுதணும்? எங்கள் பக்கம் இரண்டு மழை. ஜூனில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. பெயின்டுக்கு முன்னால் பூசுகிற அடிப்பூச்சுதான் பிரைமர். காற்றில் ஈரம் இருக்கும்போது ஸ்பிரே பிரைமர் அடித்தால் உருவத்தின் மேல் வெள்ளைப் புகை படிந்த மாதிரி ஆகும், முகம் சொரசொரப்பாகிவிடும். எட்டுப் பேரை அப்படி இழந்தேன். வலப்பக்கத்தில் மூன்று இடத்தில் 'மழை, ஸ்பிரே, நாசம்' என்று எழுதியதற்குப் பிறகுதான் புத்தி வந்தது. இப்போது ஸ்பிரே மாசி, பங்குனியில் மட்டும், அதுவும் காலை பத்து மணிக்கு மேல். மற்ற நாளில் பிரஷ்ஷால் தடவுகிற பிரைமர். இதை ஏதோ குளிர்நாட்டுக்காரன் வீடியோவில் சொல்லியிருப்பான் என்று தேடிக்கொண்டிருந்தேன். அவனுக்கு ஏது நம்ம ஊர் ஈரம்?

இனி மணல். குளச்சல் போருக்குக் குளச்சல் மணலையே பேஸில் ஒட்டுவது என்று ஒரு ஆசை. ஒரு டப்பாவில் ஒரு பிடி எடுத்து வந்தேன். வெள்ளைப் பேப்பரில் கொட்டி லென்ஸில் பார்த்தால் கறுப்பும் சிவப்புமாகத் துகள்கள் மினுங்கும். பக்கத்து மணவாளக்குறிச்சியில் மணலிலிருந்து இல்மனைட், மோனசைட் என்ற கனிமங்களைப் பிரித்தெடுக்கிறார்கள் இல்லையா, அதே கரை. பசை தடவி மணலைத் தூவி, மேலே வாஷ், அதாவது தண்ணியாகக் கரைத்த பெயின்ட், ஓடவிட்டேன். அவ்வளவு அழகு. மூணாவது வாரம் ஈரம் ஏறியதும் பேஸ் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்தது. உப்பு! நல்ல தண்ணியில் நாலு தரம் அலசிக் காயவைத்திருக்க வேண்டும். ஆறு பேஸைச் சுரண்டி எடுத்தேன். ஆனாலும் அந்தப் பக்கம்தான் நோட்டிலேயே எனக்குப் பிடித்த பக்கம். ஓரத்தில் அந்த மணல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டும் இருக்கிறது.

நோட்டின் கடைசியில் இன்னொரு பட்டியல்: எது ஆதாரத்தோடு செய்தது, எது நான் ஊகித்தது. பத்மநாபபுரம் அரண்மனையில் டிலனாய் சரணடையும் படத்தைப் பார்த்து, அது எப்போது வரைந்தது என்று யோசிக்காமல், அதிலிருந்த நிறங்களை அப்படியே எடுத்துவிட்டேன். அதனால் 'கோட்டு நிறம்: படத்தைப் பார்த்து' என்று எழுதிவைத்தேன். மீனவர்கள் துடுப்பைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்று, தூரத்துக்குத் துப்பாக்கிப் படை போலத் தெரிந்தார்கள் என்று கடற்கரையில் ஒரு கதை உண்டு. அவர்களுக்கும் ஒரு பேஸ் செய்தேன். ஈர்க்குச்சியைச் சீவித் துடுப்பு. எதிரே 'கதை' என்று குறித்தேன். இந்த ஒற்றைச் சொல்லைப் போடாமல் படத்தை மட்டும் போட்டால், ரெண்டு வருஷத்தில் யாராவது என் பொம்மையையே சரித்திரம் என்று எடுத்துப் பகிர்வான்.

"ஆபீஸில்தான் கணக்கு எழுதுறோம், வீட்டிலுமா?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். ஆபீஸ் கணக்கு மேலே இருக்கிறவருக்கு. இது ஆறு மாசம் கழித்து அதே நாற்காலியில் உட்காரப்போகும் மறதிக்கார எனக்கு. முடிந்த படையை விளக்கு வைத்துப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் ஒன்று உண்டு. கெட்டுப்போன எட்டைப் போடுங்கள் ஐயா, புதுசாக வருகிற பையனுக்கு அதுதான் உதவும். பளபளப்பான படத்தைப் பார்த்து அவன் பெட்டியை மூடிவைத்துவிடுகிறான்.

பத்தொன்பது ஞாயிறு என்று போட்ட திட்டம் முப்பத்தொன்று ஆனது. வலப்பக்கத்தில் எண்ணிப் பார்த்தேன். முண்டு மட்டும் மாற்றவில்லை. இரண்டு நிறமும் அப்படியே நிற்கிறது.

போன ஞாயிறு முதல் ஆட்டம். சாப்பாட்டு மேசையில் நீலத் துணி கடல், ஈர்க்குச்சியில் கொத்தளம். பாறசாலை அண்ணன் டச்சுக்காரன், நான் மகாராஜா. மருமகன் பகடை எடுத்துக்கொடுத்தான். இடப்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தேன்: 'நாலாவது சுற்றில் கொத்தளம் விழணும்.' ராத்திரி வலப்பக்கத்தில் பேனாவால் எழுதினேன்: 'எட்டுச் சுற்று. டச்சுக்காரன் ஜெயிச்சான்.'

காலையில் பார்த்தால் அதற்குக் கீழே கோணல் எழுத்தில் இன்னொரு வரி இருந்தது: 'மாமாவுக்கு பகடை உருட்டத் தெரியல.' அதுவும் பேனாவில்.