தட்டில் இருக்கிற பேயை முழுசாகத் தின்ன முடியணும்

இங்கே அமெரிக்காவில் பேய் வேடம் போட்டுக் கொண்டாடும் ஹாலோவீனுக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. வரும் சனிக்கிழமை சாயங்காலம் மகளுடைய தோழிகள் 11 பேர் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். ஃபிரிட்ஜில் மூன்று அட்டை முட்டை போன வாரமே வாங்கி அடுக்கியாயிற்று. ஏன் போன வாரமே என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் மனதில் கிடக்கிற ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஹாலோவீன் பார்ட்டிக்குப் போயிருந்தோம். மேசை நடுவில் பெரிய தட்டு. அவித்த முட்டையைப் பாதியாக வெட்டி, மஞ்சள் கருவை மசித்து நிரப்பி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பிளாஸ்டிக் கண். கைவேலைச் சாமான் கடையில் விற்பார்களே, ஆட்டினால் கருவிழி உருளுகிற அந்தக் கண்தான். பார்க்க அழகாகவே இருந்தது. நாலு வயதுப் பையன் ஒருவன் ஒரு துண்டை எடுத்து அப்படியே வாயில் போட்டுக்கொண்டான். அவன் அம்மா பாய்ந்து வந்து விரலை விட்டு அந்தக் கண்ணை வெளியே எடுத்தாள். எச்சிலோடு அவள் உள்ளங்கையில் கிடந்த அந்தச் சின்னக் கண்ணை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

அன்றைக்குப் பிடித்த பிடிவாதம் இது. தட்டில் எது இருந்தாலும் அது சாப்பிடுகிற பொருளாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் சிலந்தி, பஞ்சு வலை, கண், பல்குச்சியில் ஒட்டிய காகிதப் பேய் எதுவும் முட்டைப் பக்கம் வரக் கூடாது. புட்டிக் கறுப்புச் சாயத்தையும் இதில் சேர்க்கிறேன். இன்னொரு வீட்டில் மயோனைஸை அதில் கறுப்பாக்கியிருந்தார்கள். நாக்கில் கசப்பு, பிள்ளைகள் பல்லெல்லாம் சாம்பல் நிறம். ஆளுக்கு ஒரு கடி கடித்துவிட்டுத் தட்டோரம் வைத்துவிட்டார்கள். பறவைக் காய்ச்சலால் 2025 மார்ச்சில் இங்கே ஒரு டஜன் முட்டையின் சராசரி விலை 6.23 டாலர் வரை போனது. அந்தக் கணக்குப் பார்த்து முட்டை வாங்கியவளுக்குக் கடித்து வைத்த முட்டையைக் குப்பையில் போட மனசு வராது.

இங்கே இந்த முட்டைக்குப் பெயரே டெவில்ட் எக்ஸ். காரம் தூக்கலாகப் போட்ட பண்டத்தை டெவில், அதாவது சாத்தான், என்று சொல்லும் வழக்கம் ஆங்கிலத்தில் 18ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. இலங்கைக் கடைகளில் கோழி டெவில், இறால் டெவில் என்று கேட்டு வாங்குகிறோமே, அதுவும் இதே சொல்தான். கல்கத்தாவில் 'டிமேர் டெவில்' என்று அவித்த முட்டையை மசாலாவில் பொதிந்து பொரிக்கிறார்கள். அமெரிக்கத் தெற்கில் தேவாலய விருந்துகளில் சாத்தான் பெயர் வேண்டாம் என்று 'ஸ்டஃப்ட் எக்ஸ்' என்று சொல்கிறவர்கள் உண்டு. எப்படிப் பார்த்தாலும் அந்தப் பெயரில் இருப்பது காரம். ஆனால் இன்றைக்குப் பல பார்ட்டிகளில் பேய் வேடம் மட்டும் இருக்கிறது, காரத்தைக் காணோம்.

போன வருடம், 2024இல், தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில், அக்டோபர் 31இல் வந்தன. தீபாவளிக்கென்று அம்மா பாளையங்கோட்டையிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்திருந்தாள். பிள்ளைகள் பார்ட்டியை 26ஆம் தேதி சனிக்கிழமை வைத்துக்கொண்டோம். வெள்ளிக்கிழமை ராத்திரி நான் முட்டைகளை ஓட்டோடு கீறலாக்கிக் கருநீலத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா அடுப்படிக்கு வந்தாள்.

"ஏட்டி, ராவுல முட்டையக் கறுப்புத் தண்ணில ஊறப் போடுதியே, முச்சந்தில கழிப்புக் கழிச்ச மாரில்லா இருக்கு?"

நான் சிரிக்கவில்லை. எங்கள் தெருமுனையில் குங்குமம் தடவின முட்டையும் எலுமிச்சம்பழமும் கிடந்தால் சைக்கிளை விட்டு இறங்கி, சுற்றி நடந்து போன பிள்ளைதான் நானும். அந்தப் பயம் அவளுக்கு நிஜம். முச்சந்தி முட்டையை யாரும் தொடக்கூட மாட்டார்கள், இதை நாளைக்கு 11 பிள்ளைகள் உட்கார்ந்து தின்னப் போகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொன்னேன். புது வீடு கட்டினபோது முன்வாசலில் கண்ணும் பல்லும் வரைந்த திருஷ்டிப் பூசணியை நீதானேம்மா கட்டித் தொங்கவிட்டாய் என்றும் சொன்னேன். இங்கே வாசல்படியில் குடைந்து விளக்கு வைத்த பூசணிகளைப் பார்த்ததிலிருந்து அவளுக்கும் அந்த ஞாபகம்தான் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு கிண்ணத்தை எட்டிப் பார்த்து, "அது என்ன தண்ணி?" என்றாள்.

அது ஊதா முட்டைக்கோஸ் அவித்த தண்ணீர். அரை முட்டைக்கோஸை நறுக்கி நாலு கப் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டி ஆறவிட வேண்டும். அவித்த முட்டையை உரிக்காமல் கரண்டியின் முதுகால் சுற்றிலும் தட்ட வேண்டும். ஓடு வலையாகக் கீறும், ஆனால் கழன்று விழக் கூடாது. அப்படியே அந்தத் தண்ணீரில் போட்டு ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். வெள்ளைக் கரு அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை உள்ளது, அதனால் சாறு அதில் பட்ட இடமெல்லாம் ஊதா போய் நீலமாகிவிடும். வினிகர் கலந்துவிட்டால் நீலம் வராது, இளஞ்சிவப்பாகிவிடும். காலையில் மகள் முதல் முட்டையை உரித்தாள். வெள்ளை வெளேரென்று வழவழப்பான முட்டை, அதில் மெல்லிய நீலக் கோடுகள், கிழவியின் புறங்கை மாதிரி. "அம்மா, நரம்பு!" என்று கத்தினாள். ஒரு சொட்டுச் சாயம் கிடையாது. தேயிலையும் சோயா சாஸும் சேர்த்துக் கொதிக்கவிட்டால் இதே வலை பழுப்பில் வரும், சீனர்களின் தேநீர் முட்டை அப்படித்தான்.

சிவப்பு வேண்டுமென்றால் பீட்ரூட். பக்கத்து மாநிலம் பென்சில்வேனியாவில் பென்சில்வேனியா டச்சு என்று சொல்லப்படுகிற ஜெர்மன் வழி மக்கள், உரித்த முட்டையை பீட்ரூட், வினிகர், சர்க்கரை ஊறலில் போட்டு வைக்கிறார்கள். அது அவர்கள் வீட்டில் சாதாரண நாளைக்கே உண்டு. ஒரு நாள் ஊறின முட்டையை வெட்டினால் வெளியே ரத்தச் சிவப்பு விளிம்பு, அதற்குள் வெள்ளை, நடுவில் மஞ்சள். ராத்திரி முழுக்கத் தூங்காத கண் அது. ருசியும் இனிப்புப் புளிப்பாக நன்றாக இருக்கும்.

இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்தது. முட்டையை அதிக நேரம் அவித்துவிட்டால் மஞ்சள் கருவைச் சுற்றி பச்சையும் சாம்பலும் கலந்த வளையம் வரும். மஞ்சளில் உள்ள இரும்பும் வெள்ளையிலிருந்து வரும் கந்தகமும் சேர்வதால் வருவது, சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது. மற்ற நாளில் அது வந்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஹாலோவீனுக்கு மட்டும் நாலு முட்டையை வேண்டுமென்றே இருபது நிமிடத்துக்கு மேல் கொதிக்கவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் போடாமல் தானாக ஆறவிடுகிறேன். வெட்டி வைத்தால் பூதத்தின் கண். மேலே எதுவுமே வைக்க வேண்டாம்.

மற்ற முட்டைகளைத் தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகுதான் மெதுவாக உள்ளே இறக்க வேண்டும். 12 நிமிடம், பிறகு உடனே ஐஸ் தண்ணீர். குளிர்ந்த தண்ணீரிலிருந்து ஆரம்பித்தால் உரிப்பது பாடு. முட்டையும் புதுசாக இருக்கக் கூடாது. 2023இல் நல்ல முட்டையாக இருக்கட்டும் என்று பண்ணைக்கே போய் அன்றைக்கு இட்ட 24 முட்டை வாங்கி வந்தேன். உரிக்க உரிக்க வெள்ளைக் கரு ஓட்டோடு பெயர்ந்து வந்தது. பாதிக்கு மேல் குழி. அத்தனையையும் மசித்து ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தேன், மேலே வைக்க நினைத்த சிலந்தி உட்கார இடமே இல்லை. புது முட்டையில் வெள்ளைக் கரு உள்தோலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். நாளாக ஆக ஓட்டின் நுண்துளை வழியாகக் கரியமில வாயு வெளியேறி அந்தப் பிடி தளரும். அதனால்தான் போன வாரமே வாங்கி வைத்தது.

நிரப்புகிற கலவையில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. 12 முட்டையின் மஞ்சளுக்கு கால் கப் மயோனைஸ், கால் கப் கெட்டித் தயிர், கடுகு விழுது இரண்டு சின்னக் கரண்டி, எலுமிச்சைச் சாறு, உப்பு, புதுசாகப் பொடித்த மிளகு. போன வருடம் அம்மா ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "சப்புன்னு இருக்கு" என்று மோர்மிளகாய் நாலைப் பொரித்து நொறுக்கிப் போட்டாள். அந்த உப்பும் புளிப்பும் லேசான கருகல் வாசனையும் சேர்ந்தபோது அது வேறு பண்டமாகிவிட்டது. இனி எனக்கு அது இல்லாமல் ஆகாது. பிள்ளைகளுக்குக் காரம் குறைவாக ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிடுவேன். கலவையைப் பாலித்தீன் பையில் போட்டு மூலையை வெட்டி, மருதாணிக் கூம்பு மாதிரி பிழிந்தால் போதும்.

சிலந்திக்குக் கறுப்பு ஆலிவ். நீளவாக்கில் பாதியாக வெட்டினால் ஒரு பாதி உடம்பு. மற்றதைக் குறுக்கே மெல்லிசாகச் சீவினால் வளைந்த கால்கள். போன வருடம் 24 துண்டுக்கு 192 கால் வெட்டினோம். பிள்ளைகளே மொண்ணைக் கத்தியால் வெட்டினார்கள், ஒரு மணி நேரம் வீடு சத்தமில்லாமல் இருந்தது. ஒருத்தி ஆறு கால் வைத்துவிட்டாள். "எட்டு வேணும், ஆறுன்னா அது பூச்சி" என்று என் மகள் திருத்தினாள். குளியல்தொட்டியில் சிலந்தியைக் கண்டால் வீடே அதிரக் கத்துகிறவள் அவள். இன்றைக்கும் கத்துகிறாள். ஆனால் அன்றைக்குப் பக்கத்துக்கு நாலு என்று எண்ணி, மூக்கு முட்டையில் படுகிற அளவுக்குக் குனிந்து, ஒவ்வொரு காலாக வைத்தாள்.

பார்ட்டி வைக்கிறவர்களிடம் கண்டிப்பாகவே ஒன்று சொல்கிறேன். இந்தத் தட்டை மேசையில் அலங்காரமாக வைத்துவிட்டு நாலு மணி நேரம் படம் எடுத்துக்கொண்டிருக்காதீர்கள். அவித்த முட்டை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று இங்குள்ள வேளாண்மைத் துறையே சொல்கிறது. நான் ஐஸ் நிரப்பிய பெரிய தாம்பாளத்தின் மேல் தட்டை வைத்து, பாதியை மட்டும் வெளியே எடுக்கிறேன். மீதி, பிள்ளைகள் கேட்கும்போது.

மகளின் தோழி ஒருத்திக்கு முட்டை ஆகாது. உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காக வாசலில் நீலப்பச்சைப் பூசணி வைத்து, தின்பண்டத்துக்குப் பதில் சின்னப் பொம்மை கொடுக்கும் 'டீல் பூசணி' வழக்கம் 2014இலிருந்து இந்த நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. எங்கள் வாசலிலும் ஒன்று உண்டு. ஆனால் வாசலோடு நின்றுவிட்டால் அந்தப் பிள்ளை மேசையில் எதைத் தின்னும்? போன வருடம் சின்ன உருளைக்கிழங்கை அவித்துப் பாதியாக வெட்டி, நடுவைக் குடைந்து, மயோனைஸே சேர்க்காமல் அவகாடோவும் எலுமிச்சையும் மிளகும் மசித்து நிரப்பி, அதே ஆலிவ் சிலந்தியை உட்கார வைத்தேன். முட்டை சாப்பிடாத வீட்டுப் பிள்ளைகளும் அதைத்தான் எடுத்தார்கள். முதலில் காலியானது அந்தத் தட்டு.

அந்தத் தோழி இந்தத் தடவை கால் வெட்டுவதற்காக அரை மணி நேரம் முன்னாலேயே வருகிறாளாம். உருளைக்கிழங்குச் சிலந்தியெல்லாம் அவள் பொறுப்பு. தனிப் பலகை, தனிக் கத்தி, ஒரு புது ஆலிவ் டப்பா, மூன்றையும் அவளுக்கென்று முட்டைப் பக்கமே போகாத மேல் அலமாரியில் எடுத்து வைத்திருக்கிறேன்.