ஓசூருக்குக் குடிபோகச் சொல்பவர்களுக்கு

இந்த வருஷம் கல்யாண வீடு, காதுகுத்து, சாவு வீடு என்று எங்கே போனாலும் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரே கேள்விதான். “அவரு ஓசூருலதான வேலை பாக்குறாரு? அங்கேயே ஒரு வீடு பாத்துப் போயிட வேண்டியதுதான?” அம்மா கேட்கிறார். நாத்தனார் கேட்கிறார். ஜாக்கெட் அளவு கொடுக்க வந்த அக்கா, அளவு டேப் தோளில் கிடக்கும்போதே கேட்கிறார். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. இங்கே எழுதிவைத்துவிடுகிறேன், இனி யார் கேட்டாலும் லிங்க் அனுப்பிவிடலாம்.

எங்களுக்குக் காவேரிப்பட்டணம். என் வீட்டுக்காரர் ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் இருக்கிறார். நான் வீட்டிலேயே தையல், ஆரி எம்பிராய்டரி வேலை. நாலரை வயதில் ஒரு பெண். மாமா, அத்தை, ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பு, இப்போது ஒரு ஆடும். ஆட்டைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

கேட்பவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. இங்கிருந்து ஓசூர் அறுபது கிலோமீட்டருக்கு மேல். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்றால் விடிகாலை நாலே முக்காலுக்குக் கம்பெனி பஸ். செகண்ட் ஷிஃப்ட் என்றால் வீடு வந்து சேர நள்ளிரவு. டோல்கேட்டில் நிற்பது, சூளகிரி பக்கம் லாரிகளுக்கு நடுவில் ஊர்வது எல்லாம் சேர்த்து நாளுக்கு மூன்றரை மணி நேரம் ரோட்டிலேயே போகிறது. மாதம் இருபத்தாறு நாள் வேலை. ஒருநாள் தையல் நோட்டின் பின்பக்கத்தில் பெருக்கிப் பார்த்தேன்: 91 மணி நேரம். ஏறக்குறைய நான்கு நாள், இரவும் பகலும் பஸ்ஸிலேயே இருப்பதற்குச் சமம். நோட்டை மூடிவைத்துவிட்டேன்.

மார்ச் மாதம் ஒரு ராத்திரி. செகண்ட் ஷிஃப்ட் முடிந்து வந்தார். அத்தை கிண்டிவைத்த ராகிக் களி, கொள்ளுக் குழம்பு. தட்டை வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்க உள்ளே போனேன். வந்து பார்த்தால் மனிதர் சம்மணம் போட்டபடியே தூங்குகிறார். வலது கை குழம்பில் இருக்கிறது, விரலுக்கு நடுவில் ஒரு களித் துண்டு, வாயில் ஒன்று. எழுப்பவும் மனசு வரவில்லை, அப்படியே விடவும் முடியவில்லை. ஈரத் துணியால் கையைத் துடைத்தேன். கண்ணைத் திறக்காமலே, “சூளகிரி வந்துட்டுதா?” என்றார்.

ஆக, கஷ்டம் தெரியாமல் நான் பேசவில்லை. ஆனால் குடிபோகச் சொல்பவர்கள் போடும் கணக்கில் ஒரே ஒரு ஆளின் பயணம்தான் இருக்கிறது. வீட்டில் மீதி நாலு பேர் இருக்கிறோம்.

2024 டிசம்பரிலிருந்து சொல்கிறேன், எங்களுக்கு வருஷம் அப்போதுதான் தொடங்கியது. ஃபெஞ்சல் புயல். கடலே இல்லாத மாவட்டத்துக்குப் புயல் என்ன செய்யும் என்றுதான் இருந்தோம். ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ரோட்டோரம் நிறுத்தியிருந்த பஸ், வேன்களைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனதை நீங்களும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது அந்த ஊரில்தான். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அக்கா, அவள் வீட்டுக்காரர், இரண்டு பையன்கள் என்று நாலு பேரும் மாற்றுத்துணிகூட இல்லாமல் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டே அறை. பன்னிரண்டு நாள் இருந்தார்கள். இங்கே கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி) அணையில் தண்ணீர் திறந்துவிட்டு, தென்பெண்ணைக் கரையில் யாரும் இறங்காதீர்கள் என்று மைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். உள்ளே நாங்கள் ஒன்பது பேர் ஒரே பாயில் வரிசையாகப் படுத்திருக்கிறோம். பசங்களுக்கு அது திருவிழா. அக்கா ராத்திரி போர்வைக்குள் அழுதது எனக்கு மட்டும்தான் தெரியும். ஓசூரில் நான் கேட்டுப் பார்த்த ஒற்றை பெட்ரூம் வீட்டில், விருந்தாளி வந்து ரெண்டு நாளுக்கு மேல் தங்கினால் ஓனரிடம் சொல்ல வேண்டுமாம்.

மே மாதம் ஊட்டி போனோம். இ-பாஸ் எடுத்தோம், கார் வாடகை கொடுத்தோம், பாப்பா கொண்டைஊசி வளைவுகளில் மூன்று தடவை வாந்தி எடுத்தாள், போட்டோ நன்றாக வந்தது. அவ்வளவுதான்.

ஜூனில் மாங்காய். எங்கள் தோப்பில் பெரும்பாலும் பெங்களூரா, அதாவது கிளிமூக்கு மாங்காய். மாங்கூழ் பேக்டரிக்குப் போகிற ரகம். இந்த வருஷம் கிலோ ஐந்து ரூபாய்க்குக் கேட்டார்கள். பறிப்புக் கூலி, வண்டி வாடகை போக எவ்வளவு நிற்கும் என்று மாமா விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, பாதித் தோப்பைப் பறிக்கவே இல்லை. மரத்தடியில் பழம் விழுந்து அழுகிய வாசனை வீடுவரைக்கும் வந்தது. அந்த ஒரு மாதம் அவர் யாரிடமும் சரியாகப் பேசவில்லை, பேத்தியைத் தவிர. வியாபாரம் இருக்கிற வருஷம் என்றால் மண்டி, லோடு என்று அவரைப் பிடிக்கவே முடியாது. இந்த வருஷம் நாள் முழுக்கத் தோப்பில் அவளோடுதான். வரப்போரம் நிற்கும் ஒரே செந்தூரா மரத்தில் எந்தப் பழம் நாளைக்குப் பழுக்கும் என்று மோந்து சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறார். இப்போது கடையில் பழத்தின் காம்பைப் பிடித்து மோந்துவிட்டு, “இது கல்லுப் பழம், வேணாம்” என்கிறாள். கடைக்காரர் முறைக்கிறார். கல்லு என்றால் செயற்கையாகப் பழுக்கவைக்கிற கார்பைடு கல். விலை போகாத வருஷம்தான் அவளுக்கு மாம்பழ வருஷமாக இருந்தது. இதற்குச் சந்தோஷப்படுவதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

சீசன் முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மாமா அவளைப் போச்சம்பள்ளி சந்தைக்குக் கூட்டிப்போனார். கத்தரி நாற்று வாங்கப் போனவர்கள் ஒரு ஆட்டுக்குட்டியோடு வந்து இறங்கினார்கள். கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை. என்ன பேர் வைக்கலாம் என்று கேட்டதற்கு, “கம்பெனி” என்றாள். ஏன் என்றால், “அப்பாவுக்கு ஒரு கம்பெனி இருக்குல்ல, எனக்கும் ஒரு கம்பெனி.” அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கம்பெனிக்குத் தழை போடுகிறோம், கம்பெனியைக் கட்டிப்போடுகிறோம், கம்பெனி என் தையல் துணியைத் தின்றுவிட்டது என்று புகார் சொல்கிறோம். பாப்பாவின் அப்பாவுக்கு மட்டும் இந்தப் பேரில் தனி சந்தோஷம்.

நல்லதை மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும். அக்டோபரில் பாப்பாவுக்கு டெங்கு. அவர் நைட் ஷிஃப்ட். ராத்திரி பதினொன்றரைக்கு உடம்பு அனலாகக் கொதிக்கிறது, கை கால் உதறுகிறது. போன் போட்டால் எடுக்கவில்லை, மெஷின் ஓடும் இடத்தில் போன் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். முதலில் இருபதாயிரம் கட்டுங்கள், அப்புறம்தான் ட்ரிப் போடுவோம் என்றார்கள். என்னிடம் ஜாக்கெட் கூலி நாலாயிரத்துச் சொச்சம் இருந்தது. பக்கத்துத் தெரு ஆட்டோ பாய் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தவர், “ஏம்மா இங்க நின்னு பேசிட்டிருக்க, தர்மபுரி போயிடலாம் ஏறு” என்றார். வழியெல்லாம் வண்டியின் பக்கத் திரையை இறக்கிவிட்டு, காற்று படாமல் ஓட்டினார். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆறு நாள். காலை ஏழு மணிக்கு என் அம்மா பாலக்கோட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து ராகிக் கஞ்சியோடு வந்துவிட்டார். அத்தை பகலுக்கு, அம்மா ராத்திரிக்கு, நான் இரண்டுக்கும். பாய்க்குக் காசு கொடுத்தபோது பெட்ரோலுக்கு மட்டும் எடுத்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிந்தது காலை ஆறரைக்கு, ஷிஃப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தபோது. பதினேழு மிஸ்டு கால். அந்த ஏழு மணி நேரத்தை அவர் இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு “போயிடலாமா?” என்று அவரே கேட்க ஆரம்பித்தார். இப்படி யோசித்துப் பாருங்கள் என்றேன்: ஓசூரில் இருந்திருந்தாலும் நைட் ஷிஃப்ட் நைட் ஷிஃப்ட்தான், போன் லாக்கரில்தான் இருந்திருக்கும். ஆட்டோ பாயும் அத்தையும் மட்டும் இருந்திருக்க மாட்டார்கள்.

என் தொழிலையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆவணி முகூர்த்தத்துக்கு முப்பத்தொரு ஜாக்கெட். ஜர்தோசி ஜரிகை வேலை வைத்த கல்யாண ஜாக்கெட் ஒன்றுக்கு நான்கு நாள் ஃபிரேமுக்கு முன்னால் குனிந்து உட்கார வேண்டும். ஊசி நுனி துணிக்கு அடியில் நூலைப் பிடிப்பது கண்ணுக்குத் தெரியாது, இடது கை விரல்தான் சொல்லும். இந்த ஊரில் ஆறு வருஷமாக ஒவ்வொருவராகச் சேர்த்த வாடிக்கை அது. “அங்க போயும் தைக்கலாமே” என்கிறார்கள். அவரை யாராவது, இருக்கிற வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து புதிதாகத் தேடிக்கொள்ளலாமே என்று கேட்டீர்களா?

என்னைக் கேட்டால் வீடு மாற்றுவது இதற்கு வழியே இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்து வந்தது 2004-இல். இன்றைக்கும் மாவட்டத் தலைநகரில் ரயில் ஏற முடியாது. வெள்ளைக்காரன் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு சின்ன ரயில் ஓடியது என்று மாமா தன் அப்பா சொன்னதாகச் சொல்வார். ஜோலார்பேட்டை - கிருஷ்ணகிரி - ஓசூர் பாதை வேண்டும் என்று தேர்தலுக்குத் தேர்தல் கேட்கிறோம், அவர்களும் தேர்தலுக்குத் தேர்தல் தருகிறோம் என்கிறார்கள். காலையும் மாலையும் ஒரு பாசஞ்சர் ஓடினால் அந்த 91 மணி நேரத்தில் எவ்வளவு திரும்பி வரும்! கம்பெனிகளும் கைக்குழந்தை இருக்கிறவர்களுக்கு வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் என்று மாற்றாமல் மாதம் ஒருமுறை மாற்றலாம், உடம்பு கொஞ்சம் பழகும். இதையெல்லாம் கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் என்னை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறீர்கள்.

போன வாரம் ஒகேனக்கல் போனோம். ஜூன் கடைசியிலேயே ஒருமுறை போய்த் திரும்பியவர்கள்தான். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற பிலிகுண்டுலுவில் எத்தனை ஆயிரம் கனஅடி என்று காலையில் டிவியில் ஓடியதைப் பார்த்தும், “நாம போறதுக்குள்ள கொறஞ்சிடும்” என்று அவர் அப்போது கிளப்பினார். குளிக்கத் தடை, பரிசலுக்குத் தடை, ஆற்றுப் பக்கமே விடவில்லை. இந்த முறை தண்ணீர் அமைதியாக இருந்தது. பரிசல்காரர் நடு ஆற்றில் துடுப்பை ஒரு போடு போட்டுச் சுற்றிவிட்டார். பாப்பா கத்திய கத்தலில் பாறை எதிரொலித்தது. மீனை வாங்கிக் கொடுத்து அங்கேயே பொரித்து வாங்கிச் சாப்பிட்டோம்.

அம்மாவும் கூட வந்திருந்தார். பரிசலில் சிரிக்கும்போதும் கையால் வாயை மூடிக்கொண்டார். அவர் தலைமுறையில் எங்கள் பக்கம் நிறையப் பேருக்கு அந்தப் பழக்கம் உண்டு. போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு, பல்லெல்லாம் பழுப்புக் கறை. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு பிறந்தவள் என் பெண். “ஏன் ஆயா வாயை மூடுற?” என்று அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அம்மா விட்டுவிட்டார். அந்தப் போட்டோவை மட்டும் இங்கே போடப்போவதில்லை, அது எங்களுக்கு.

வீட்டுக்காரர் மனத்திருப்திக்காக நேற்று ஓசூரில் ஒரு வீட்டுக்கு நானே போன் செய்தேன். வாடகை ஒன்பதாயிரம், அட்வான்ஸ் அறுபதாயிரம். சைவமா அசைவமா, எத்தனை வண்டி, எல்லாம் கேட்டார்.

“மொத்தம் எத்தனை பேரும்மா?”

“மூணு பேருங்க. அப்புறம் கம்பெனி வரும்.”

“கம்பெனின்னா?”

“ஆடுங்க.”

போனை வைத்துவிட்டார்.