குதிரை ஓடுமா என்று முடிவு செய்வது யார்?

நெடுந்தூரக் குதிரைப் போட்டிகளில் ‘குதிரையைத் தொடர்ந்து ஓட்டலாமா என்பது ஓட்டுபவர் விருப்பம், கால்நடை மருத்துவர் ஆலோசனைதான் சொல்வார்’ என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் போட்டிகளில் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் குதிரையை மருத்துவர்கள் பரிசோதிப்பார்கள். குறித்த நேரத்துக்குள் அதன் இதயத் துடிப்பு பொதுவாக நிமிடத்துக்கு 64-க்குள் இறங்கியிருக்க வேண்டும். ஈறின் நிறம், நீர்ச்சத்து, குடல் சத்தம் எல்லாம் பார்ப்பார்கள். அப்புறம் கயிற்றைத் தளர்வாகப் பிடித்து நேர்கோட்டில் ஓடவிட்டு, நொண்டுகிறதா என்று கவனிப்பார்கள். நடையில் சந்தேகம் என்றால் மூன்று மருத்துவர்கள் வாக்களிப்பார்கள். பெரும்பான்மை முடிவே செல்லும். இதில் ஓட்டுபவருக்கு வாக்கு இல்லை. ‘என் குதிரையை எனக்குத் தெரியாதா’ என்ற வாதமெல்லாம் அங்கே எடுபடாது.

அவருக்கு உள்ள உரிமை ஒன்றே: மருத்துவர் சரி என்றாலும், வேண்டாம் என்று தானே விலகிக்கொள்ளலாம்.

‘முடிவுக் கோட்டை முதலில் தொட்டால் வெற்றி’ என்பதும் பாதி உண்மைதான். கலிபோர்னியாவில் 1955 முதல் நடக்கும் 100 மைல் குதிரைப் போட்டியான டெவிஸ் கோப்பையிலும் முடிவுக் கோட்டைத் தாண்டிய குதிரை பரிசோதனையில் தேற வேண்டும். தேறாவிட்டால் முதலில் வந்ததற்குக் கணக்கே இல்லை.