இரண்டாவது டிவிக்கு ஏன் இன்னொரு வீட்டுக் கட்டணம்?

கம்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு இறங்குவது ஒரே ஒரு கேபிள். அதில் வரும் சேனல்களுக்கு மாதம் தவறாமல் பணம் கட்டுகிறோம். உள்ளறையில் சும்மா கிடக்கும் பழைய டிவியிலும் அவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் தனி செட்டாப் பாக்ஸ், தனி இணைப்பு, ஏறக்குறைய முழு மாதக் கட்டணம் என்கிறார் எங்கள் பகுதிக் கேபிள்காரர். நண்பர்களிடம் விசாரித்தால் அவர்கள் ஊரிலும் இதே கதைதான். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. இன்னோர் அறையில் ஃபேன் மாட்டினால் மின்வாரியம் இன்னொரு மீட்டர் வைக்கச் சொல்வதில்லை.

அனலாக் காலத்தில் இந்தத் தகராறே கிடையாது. கடையில் ஒரு ஸ்ப்ளிட்டர் வாங்கி, கறுப்புக் கேபிளை இரண்டாகப் பிரித்து மாட்டினால் அடுப்படியிலும் படம் வரும். சிக்னல் பாதியாகப் பிரிவதால் படத்தில் புள்ளி விழும். அதற்கு ஒரு பூஸ்டர். 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தபோது, நடைமுறையில் அந்த 70 ரூபாய் வீட்டுக்கான கட்டணம். உள்ளே எத்தனை டிவி ஓடுகிறது என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அதே 2011-இல் கேபிள் சட்டம் திருத்தப்பட்டது. டிஜிட்டலுக்கு மாற சென்னைக்கு 2012 அக்டோபர் 31 கெடு என்றார்கள். அது வழக்குகளில் இழுபட்டது. கிராமங்கள்வரை மாறுவதற்கான கெடு 2017 மார்ச்வரை நீண்டது. இந்த மாற்றத்தில் படம் தெளிவானது உண்மை. கூடவே ஒவ்வொரு சேனலும் பூட்டப்பட்டது. இரண்டாவது பாக்ஸ் புதிதாக எதையும் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. சேனல்கள் பூட்டிய நிலையில் ஏற்கெனவே அந்தக் கேபிளில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. பாக்ஸில் இருப்பது திறக்கும் சாவி. ஸ்ப்ளிட்டர் போட்டால் பூட்டிய சிக்னல்தான் இரண்டாகப் பிரியும். பாக்ஸ் இல்லாத டிவியில் படம் வராது.

இனி பில்லுக்கு வருவோம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வகுத்து 2019-இல் நடைமுறைக்கு வந்த முறைப்படி, முதல் 100 சேனல்களுக்கு நெட்வொர்க் கட்டணம், அதாவது சேனல்களை வீடுவரை கொண்டுவந்து சேர்ப்பதற்கான கட்டணம், அதிகபட்சம் 130 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சேனல்களின் விலை இதற்கு மேல். 2020 ஜனவரியில் டிராய் இதைத் திருத்தியது. அதே 130 ரூபாய்க்கு 200 சேனல்கள் என்றது. நமக்கு வேண்டிய இன்னொரு விதியையும் சேர்த்தது: ஒரே வீட்டில் இரண்டாவது டிவி முதல், நெட்வொர்க் கட்டணம் முதல் டிவிக்கு வாங்குவதில் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முதல் டிவிக்கு 130 என்றால் இரண்டாவதற்கு 52 ரூபாய்தான்.

இந்த விதி அமலில் இருந்தபோது அதைத் தானாகவே எடுத்துச் சொல்லி 52 ரூபாய் கேட்ட ஒரு கேபிள்காரரையும் நான் பார்த்ததில்லை. நாமும் கேட்கவில்லை, நமக்குத் தெரியாது. தெரிந்துகொண்டு கேட்கத் தொடங்குவதற்குள், 2024 ஜூலையில் டிராய் நெட்வொர்க் கட்டணத்துக்கான உச்சவரம்பையே எடுத்துவிட்டது. சந்தை தீர்மானித்துக்கொள்ளட்டுமாம். ஒரு தெருவுக்கு ஒரு கேபிள்காரர் என்று எழுதப்படாத எல்லை வகுத்துக்கொண்ட ஊர்களில் சந்தை எங்கே இருக்கிறது?

பாக்ஸ் வாடகை விஷயத்தில் அமெரிக்கா நம்மைவிட மோசம். 2015-இல் மார்க்கி, புளூமென்தால் என்ற இரண்டு செனட்டர்கள் நிறுவனங்களிடம் கணக்கு வாங்கி வெளியிட்டார்கள். பாக்ஸ் வாடகைக்கு மட்டும் ஒரு வீடு சராசரியாக ஆண்டுக்கு 231 டாலர் கட்டியது; சந்தாதாரர்களில் சுமார் 99 சதவீதம் பேர் வாடகை பாக்ஸ்தான் வைத்திருந்தார்கள். சொந்தப் பெட்டியில் செருகிக்கொள்ள ‘கேபிள்கார்டு’ என்ற ஏற்பாடு அங்கே இருந்தபோதே இந்த நிலை. இங்கே எந்த நிறுவனத்தின் இணைப்புக்கும் பொருந்தும் பொதுப் பெட்டி வேண்டும் என்று 2020-இல் டிராய் பரிந்துரைத்தது. இன்றும் ஒரு நிறுவனத்தை விட்டு இன்னொன்றுக்கு மாறினால் பழைய பாக்ஸ் பரணுக்குத்தான் போகிறது.

சரி, கூடுதல் மாதக் கட்டணம் இல்லாமல் இரண்டாவது டிவியில் நேரலை பார்க்க என்ன வழி? முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த டிவியில் வேறு சேனல் ஓட வேண்டுமா, ஹாலில் ஓடுவதே ஓடினால் போதுமா? சமைத்துக்கொண்டே தொடர் பார்க்க வேண்டும், படுத்தபடியே செய்தி கேட்க வேண்டும் என்பதுதான் பல வீடுகளில் தேவை. அதற்கு அதே படம் போதும்.

கேபிளைப் பிரித்தால் வேலைக்கு ஆகாது என்று பார்த்தோம். பாக்ஸிலிருந்து வெளியே வரும் படத்தைப் பிரிக்கலாம், அது பூட்டு திறந்த பிறகு வருவது. பாக்ஸின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். எச்டிஎம்ஐ துளையும், மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிறத்தில் ஏவி துளைகளும் இரண்டுமே இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஹால் டிவியை எச்டிஎம்ஐயில் மாட்டிவிட்டு, ஏவியிலிருந்து நீளமான வயரை உள்ளறைக்கு இழுங்கள். பெரும்பாலான பாக்ஸ்களில் இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். படம் எச்டி தரத்தில் இருக்காது. சின்னப் பழைய டிவியில் அது பெரிய குறையாகத் தெரியாது.

இரண்டு டிவியிலும் தெளிவு வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் வாங்க வேண்டும். சாதாரணமானது சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பாக்ஸில் நகல் எடுப்பதைத் தடுக்கும் ஏற்பாடு இருப்பதால், மட்டமான ஸ்ப்ளிட்டரில் திரை கறுப்பாகவே நிற்கலாம். ஒத்துவராவிட்டால் திருப்பித் தருவேன் என்று கடையில் பேசிவிட்டு வாங்குங்கள். அடுத்தது தூரம். பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேல் சாதாரண எச்டிஎம்ஐ வயர் நம்பகமாக இருக்காது. அதற்கு மேல் போக வேண்டுமென்றால் இன்டர்நெட்டுக்குப் போடும் லேன் வயரில் அனுப்பும் எக்ஸ்டெண்டர் கிடைக்கிறது.

ரிமோட்தான் தொல்லை. பாக்ஸ் இருக்கும் அறையில் நின்றால்தான் சேனல் மாறும். உள்ளறையிலிருந்து “அதை மாற்று” என்று கத்தும் குரலும் ஹாலிலிருந்து “முடியாது” என்ற பதிலும் உங்கள் வீட்டில் புதிதாகச் சேரும். ரிமோட் சிக்னலைக் கடத்தும் சின்னக் கருவிகள் விற்கிறார்கள். ஆனால் ரிமோட் இரண்டான வீட்டில் சண்டையும் இரண்டாகும் என்பதால் நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். இதெல்லாம் உங்கள் சுவர்களுக்குள் மட்டும். பக்கத்து வீட்டுக்கு வயர் இழுத்தால் அது வேறு விவகாரம். அதற்கு நான் துணை வர மாட்டேன்.

வேறு சேனல்தான் வேண்டும் என்பவர்களுக்கு மாத வாடகையே இல்லாத ஒன்று 2004 டிசம்பரிலிருந்தே இருக்கிறது: தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ். ஆன்டெனாவும் பாக்ஸும் ஒருமுறை வாங்கினால் அதோடு சரி. மொட்டைமாடியில் பழைய டிடிஎச் ஆன்டெனா துருப்பிடித்துக் கிடந்தால் பெரும்பாலும் அதையே பயன்படுத்திக்கொள்ளலாம். கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளை நோக்கி, சென்னையிலிருந்து என்றால் தென்கிழக்கே, திருப்பி வைக்க வேண்டும். தமிழ் பார்ப்பவர்களுக்கு இதில் ஏமாற்றமும் உண்டு. சேனல் பட்டியலில் இந்திதான் நிறைய; நம் வீடுகளில் ஓடும் பெரிய தமிழ்ப் பொழுதுபோக்குச் சேனல்களை எதிர்பார்த்து வாங்காதீர்கள். டிடி தமிழ் வரும். பொதிகை என்ற பெயர் 2024 ஜனவரியில் போனாலும் சேனல் அதுதான். கிரிக்கெட் பிரியர்களுக்கு இது நல்ல பேரம். தேசிய முக்கியத்துவம் உள்ள போட்டிகளின் சிக்னலைத் தூர்தர்ஷனுடன் பகிர வேண்டும் என்று 2007-இல் சட்டம் வந்தது. அந்தச் சிக்னலைத் தனியார் கேபிளில் காட்டக் கூடாது, தூர்தர்ஷனின் சொந்த ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டும்தான் காட்டலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காசு கட்டும் கேபிளில் வராத ஆட்டம் காசே கட்டாத ஆன்டெனாவில் வருகிறது.

வீட்டில் இன்டர்நெட் ஏற்கெனவே இருந்தால் செய்திக்கு இரண்டாவது இணைப்பு வாங்குவது வீண். தமிழ்ச் செய்திச் சேனல்கள் பல தங்கள் நேரலையை யூடியூபில் இலவசமாகவே ஓடவிடுகின்றன. தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய வேவ்ஸ் செயலியிலும் நேரலைச் சேனல்கள் உண்டு. எச்டிஎம்ஐ துளை உள்ள பழைய டிவி என்றால், இன்டர்நெட் படத்தை டிவிக்குத் தரும் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் செருகினால் போதும். கேபிளைவிடச் சில நொடிகள் தாமதமாகத்தான் வரும், தேர்தல் முடிவு நாளில் ஹாலில் எழும் சத்தத்தை வைத்தே உள்ளறைக்காரர் முடிவைத் தெரிந்துகொள்வார். எல்லாச் சேனலும் ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் விளம்பரங்களை மட்டும் தொடாதீர்கள். அவை திருட்டு ஒளிபரப்பு. பணம் வாங்கியவர் மறுமாதம் போனை எடுப்பார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

கேபிள்காரரை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. மழையில் கம்பம் ஏறுபவர் அவர். நெட்வொர்க் கட்டணத்தில் தனி ஒப்பந்தம் இல்லையென்றால் நூற்றுக்கு 55 பங்கு அவருக்குச் சிக்னல் தரும் நிறுவனத்துக்கும் 45 பங்கு அவருக்கும் என்பதுதான் டிராய் வகுத்த பிரிவினை. இரண்டாவது பாக்ஸின் விலையை வாங்கிக்கொள்ளட்டும், அது நியாயமான செலவு. மாதாமாதம் முழு நெட்வொர்க் கட்டணத்தையும் மறுபடி வாங்குவதுதான் அடாவடி. டிராய் அந்த 40 சதவீத வரம்பை மட்டுமாவது திரும்பக் கொண்டுவர வேண்டும்.

அதுவரை, இரண்டாவது இணைப்பு வாங்கியே தீர வேண்டியவர்கள் நெட்வொர்க் கட்டணம் எவ்வளவு, சேனல் விலை எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். முதல் பாக்ஸில் இருக்கும் பேக்கையே இரண்டாவதிலும் போட வேண்டிய கட்டாயம் இல்லை; இலவசச் சேனல்களோடு வேண்டிய ஒன்றிரண்டை மட்டும் கேளுங்கள். உங்கள் ஊரில் இரண்டாவது டிவிக்கு எவ்வளவு வாங்குகிறார்கள் என்று கீழே எழுதுங்கள், ஊர்ப் பெயரோடு.